சண்முகப்பிரியா ஏன் ஆடவில்லை

பெயர்களை மாற்றிவிட்டேன். மற்றபடி என் அடுக்களை ஜன்னலிலிருந்து பார்த்தது பார்த்தபடி, கேட்டது கேட்டபடி.

எதிர்வீட்டு மாடியில் பரதநாட்டிய வகுப்பு தொடங்கிய அன்றே அபர்ணா டீச்சர் சுவரில் ஒரு போர்டு மாட்டினாள். நடராஜர் படமாக்கும் என்று எட்டிப் பார்த்தால், அது விதிமுறைகள். அதுவும் பிள்ளைகளுக்கு இல்லை, டீச்சருக்கு. அடிக்க மாட்டேன். கேட்காமல் தொட்டுத் திருத்த மாட்டேன். பெற்றோரைக் கேட்காமல் பிள்ளைகளின் வீடியோவை எங்கும் போட மாட்டேன். ஒரு பிள்ளையின் உடம்பைப் பற்றியோ வீட்டைப் பற்றியோ எனக்குத் தெரிந்ததை இன்னொருவரிடம் பேச மாட்டேன். கீழே அவளே கையெழுத்தும் போட்டிருந்தாள். தனக்குத்தானே சட்டம் போட்டுக்கொள்கிற பெண்ணைத் தென்காசி அதுவரை பார்த்ததில்லை. கடைசி விதியைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட. எதிர்வீட்டில் நான் இருக்கும்போது இப்படி எழுதி மாட்டலாமா?

அந்த வருஷம் குற்றாலம் சாரல் விழாவில் ஆட டீச்சரின் வகுப்புக்கு இடம் கிடைத்தது. எங்கள் தெரு மங்களேஸ்வரிக்குக் கால் தரையில் பாவவில்லை. மகள் சண்முகப்பிரியா ஒன்பதாவது படிக்கிறாள், நன்றாக ஆடுவாள், முன்வரிசை. கடையத்துச் சித்தி வரை சொல்லி, சொந்தக்காரர்களை ஏற்றி வர வேன்கூடப் பேசியாயிற்று.

அப்போதுதான் ஒரு சாயங்காலம் காலைத் தட்டி ஆடிக்கொண்டிருந்த அந்தப் பிள்ளை முழங்காலுக்குக் கீழே பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். திருநெல்வேலியில் எலும்பு டாக்டரிடம் காட்டினார்கள். எலும்பில் மெல்லிய கீறல், சில மாதம் தரையைத் தட்டவே கூடாது என்றாராம். மறுநாள் வகுப்பு முடிந்து பிள்ளைகள் போன பிறகு மங்களேஸ்வரி மாடியேறினாள். நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். ஜன்னல் பக்கம் நின்றால் எனக்குக் கீரை வேகமாக உருவ வரும்.

"டீச்சர், கால்ல கீறல்னு வெளிய மூச்சு விட்ராதீய. பொம்பளப் பிள்ள. நாளைக்குப் பொண்ணு பாக்க வாரவன் காலைத்தான் பாப்பான்."

"ஒன்பதாவது படிக்கிற பிள்ளைக்கா?"

"இப்பமே பேசி வச்சிருவாகல்லா! நொண்டின்னு பேரு வந்தா போகுமா?"

டீச்சர் போர்டைக் காட்டினாள். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆறுற வரைக்கும் அவளை ஆட விடாதீங்க. அது போதும்."

அது போதவில்லை. ஏன் ஆடவில்லை என்று சொந்தக்காரர்கள் கேட்பார்களே, அவர்களுக்கு ஒரு காரணம் வேண்டுமே. மங்களேஸ்வரி யோசித்துப் பார்த்து, திருப்பிப் பேசவே முடியாத ஒருத்தியின் தலையில் பழியைப் போட்டாள். டெய்லர் கடை, ரேஷன் கடை, கோயில் பிரகாரம், எங்கே பார்த்தாலும் இதே பேச்சு.

"அந்த டீச்சருக்கு ஓரவஞ்சனை. நம்மூர் டாக்டர் வீட்டுப் பிள்ளைய முன்னால நிப்பாட்டணும்னு எம் புள்ளையத் தூக்கிட்டா!"

முதலில் கேட்க வந்தவள் ஞானபாக்கியம். அவள் மகள் ஷெர்லினும் அங்கேதான் படிக்கிறாள்.

"நாளைக்கு எம் பிள்ளையையும் இப்படித் தூக்குவீயளா டீச்சர்?"

"ஒரு பிள்ளையைப் பத்தி இன்னொரு அம்மாகிட்ட நான் பேசுறதில்லைங்க."

எவ்வளவு நல்ல பதில். ஞானபாக்கியத்துக்கு அது மாட்டிக்கொண்டவள் பேச்சாகக் கேட்டது. அந்த வாரமே ஷெர்லின் மேலகரம் டான்ஸ் மாஸ்டரிடம் போய்விட்டாள். அவள் பின்னால் வேறு பிள்ளைகளும் போனார்கள். முன்பெல்லாம் வகுப்பு நடந்தால் என் வீட்டு அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் கிணுகிணுக்கும். இப்போது தட்டுகள் சும்மா இருந்தன.

எனக்குப் பொறுக்கவில்லை. நேரே மாடியேறிப் போனேன்.

"டீச்சர், நீங்க சொல்லாண்டாம். நான் சொல்லுதேன். என் வாய்க்குப் போர்டு கிடையாது."

அவள் முகம் மாறிவிட்டது. "உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"காத்து வாக்குல வந்துச்சு."

"நீங்க சொன்னா, நான் சொன்ன மாதிரிதான்க்கா. ஜன்னலைச் சாத்தாம விட்டது என் தப்பு."

"அவ உங்க பேரைக் கெடுத்துட்டுத் திரியுதா, நீங்க என்னன்னா..."

"கெடுறது என் பேருதானே. அந்தப் பிள்ளை விஷயத்தை எடுத்துப் பேச எனக்கு உரிமை இல்லை."

மறுநாளிலிருந்து ஜன்னலைச் சாத்திவிட்டாள். உதவி செய்யப் போனவளுக்குக் கிடைத்த மரியாதை!

அதற்குப் பிறகு உறைமோர் வாங்கப் போகிற சாக்கில் மாடிப்படி வரை போய் வந்தேன். ஒருநாள் உள்ளே சண்முகப்பிரியாவின் குரல் கேட்டது.

"ஒரே ஒரு உருப்படி மட்டும் ஆடுதேன் டீச்சர். அப்புறம் உங்கள யாரும் பேச மாட்டாக."

"உன் காலை வச்சு என் பேரைக் காப்பாத்தணுமா? போய் உக்காரு. இந்தா, தாளத்தைப் பிடி."

விழா அன்று குற்றாலத்தில் நல்ல சாரல். மெயின் அருவியில் குளிக்கத் தடை, அதனால் வந்த கூட்டமெல்லாம் மேடை முன்னால்தான். மிச்சமிருந்த பிள்ளைகள் ஆடினார்கள். ஓரத்தில், பாடுகிறவருக்குப் பக்கத்தில், டீச்சர் சொற்கட்டு சொல்ல, சண்முகப்பிரியா உட்கார்ந்து கைத்தாளம் தட்டினாள். எங்கேயும் பிசகவில்லை. சரி, மங்களேஸ்வரி மனசு குளிர்ந்திருக்கும் என்று நினைத்தேன். சாரலில் நனைந்து குளிர்ந்தது பட்டுச்சேலை மட்டும்தான்.

"பாத்தீயளா சித்தி? ஆடுத புள்ளைய உக்கார வச்சு, சிஞ்சா தட்ட விட்டுட்டா!" என்றவள், சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்க சொல்லுங்க. நாள் பூரா ஜன்னல்லதான நிக்கிய? எம் புள்ளைக்கு என்ன கொறை? ஏன் ஆட விடல?"

கடையத்துச் சித்தி, ஞானபாக்கியம் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இந்தக் கேள்விக்காகத்தானே இத்தனை நாளாக வாயைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன்! பதில் நாக்கு நுனியில் நின்றது. அந்த நேரம் பார்த்து, அவர்கள் முதுகுக்குப் பின்னால், சண்முகப்பிரியா மேடைப்படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தாங்கித் தாங்கி இறங்கி வந்தாள். கேள்வி காதில் விழுந்திருக்கும். அப்படியே நின்று என் வாயையே பார்த்தாள். மேலே டீச்சர் பிள்ளைகளின் சலங்கையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள், என் பக்கம் திரும்பவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

கையிலிருந்த மிளகாய் பஜ்ஜியை முழுசாக வாயில் திணித்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எனக்கு என்னத்தத் தெரியும்? அவதான் ஜன்னலையே சாத்திட்டாளே."

"கேட்டீயளா!" மங்களேஸ்வரி கையைத் தட்டினாள். "சாத்தி வச்சுக்கிட்டு உள்ள என்ன செய்யுதாளோ!"

ஞானபாக்கியம் பெரிதாகத் தலையாட்டினாள். போச்சு. நான் வாயை மூடினதும் டீச்சர் தலையில்தான் விடிந்தது.

திங்கட்கிழமை எதிர்மாடியில் பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். சாத்திய ஜன்னலுக்குப் பின்னால் தாளச் சத்தம் மட்டும் கேட்டது. மகளைக் கைத்தாங்கலாகப் படியேற்றி விட்டுவிட்டு மங்களேஸ்வரி கீழே நின்றாள்.

"ஏட்டி, அவதான் மோசம்னு ஊரெல்லாம் சொல்லுத. பிள்ளைய எதுக்கு அங்கனயே அனுப்புத?" என்றேன்.

அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "வேற யாரை நம்பிக்கா அனுப்ப?"