திரும்பி வராத மூன்று ஆம்பியர்

மழையில் நனைந்திருந்த இரும்பு ஷட்டரைத் தொட்டதும் நஸ்ரியாவின் விரல்களில் சுரீரென்றது. கையை உதறிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

கணபதிப் பகுதியில் அவளும் கணவன் சஹீரும் நடத்தும் மோட்டார் காயில் கட்டும் பட்டறை அது. பின்னறையில் கணுக்கால் அளவு மழைத்தண்ணீர். அதை வெளியே தள்ள பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. சஹீர் மர மேசைமேல் ஏறி நின்று, நனையக்கூடாத காயில்களைப் பரணில் அடுக்கிக்கொண்டிருந்தான்.

மேலிருந்து மின்மீட்டருக்கு இறங்கும் இரண்டு ஒயர்களையும் சேர்த்து, கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டரால் கவ்வினாள். ஒன்றில் போகும் கரண்ட் முழுக்க மற்றதில் திரும்பி வந்தாக வேண்டும். பாலிடெக்னிக்கில் படித்த முதல் விதி. போனதும் வந்ததும் சமமென்றால் பூஜ்யம் காட்டும்.

மூன்று ஆம்பியர் காட்டியது. திரும்பாத அந்த மூன்றும் தண்ணீருக்குள்தான் போய்க்கொண்டிருக்கிறது.

மெயின் சுவிட்சை இறக்கினாள். பட்டறை இருண்டது. ஆனால் மூன்று குறையவே இல்லை. மழைச் சத்தத்துக்கு அடியில் பம்ப் இன்னும் உறுமுவது அப்போதுதான் அவள் காதில் விழுந்தது.

"கரண்டு போயிருச்சா? இரு கண்ணு, எறங்கி வாரேன்" என்றான் சஹீர்.

விளக்கை அணைத்து அவனை இறங்க வைத்ததே அவள்தான்.

"எறங்காதீங்க! தண்ணில கரண்டு இருக்குதுங்க!"

ஸ்டூலில் ஏறி, மீட்டருக்கு மேலிருந்த ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினாள். உறுமல் நின்றது. கிளாம்ப் மீட்டர் பூஜ்யத்துக்கு வந்தது.

"ஏனுங்க?" பின்னறை வாசலுக்கு ஓடிக் கூப்பிட்டாள். "ஏனுங்க, பேசுங்க."

"இருக்கேன்."

செல்போன் வெளிச்சத்தில் பார்த்தாள். அவன் மேசை விளிம்பில் உட்கார்ந்திருந்தான். தொங்கிய ஒரு கால், தண்ணீருக்கு ஒரு சாண் மேலே அப்படியே நின்றிருந்தது.

"கரண்டு கசிஞ்சா தானா அணைக்கிற ட்ரிப்பர், மழைல சும்மா சும்மா விழுந்துது. தண்ணி ஏறுதேன்னு பம்ப்ப மெயினுக்குப் போகாம மீட்டர்ல இருந்தே நேரா குடுத்துப்போட்டேன்" என்றான்.

பிடுங்கிய கட்டையை உயர்த்திக் காட்டினாள். அவன் அசையவில்லை.

"பூஜ்யம் காட்டுதுங்க. நான் பாத்துட்டேன்."

"தெரியுது. கால் வர மாட்டேங்குது."

நஸ்ரியா கட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி நடந்தாள். அவன் காலைப் பிடித்து மெல்லக் கீழே வைத்தாள்.