மண் இறங்க ஆறு மாதம்

விசா அலுவலக லிஃப்ட் இரண்டாம் மாடியில் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு மேலே ஏறியது. மைத்துனன் அண்ணாந்து பார்த்தான். லிஃப்ட் மெக்கானிக்கின் கண்.

“எண்ணெயைக் கண்டு வருஷக்கணக்காச்சு. விசா தராதவங்களை இதுல ஏத்தியே மேல அனுப்பிடுவாங்க போல, அத்தான்.”

அக்காவின் கணவனான அவன் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டான். அக்காவைப் புதைத்த நாளிலிருந்து அத்தானைச் சிரிக்கவைப்பதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டிருந்தான் மைத்துனன். நான்கு மாதமாகப் பலிக்கவில்லை.

அந்த அக்கா, அவன் மனைவி, டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ். டியூட்டி முடிந்து உடை மாற்றும் அறையில் விழுந்தவள் எழவில்லை. இந்த நாட்டு விசா அவள் வேலையின்பேரில் வந்தது. அவன் அவள் கணவன் என்ற வகையில் ஒட்டிக்கொண்டு வந்தவன். அந்த விசா இன்னும் ஒன்பது நாளில் முடிகிறது. போய்விட்டால் ஒரு வருடத்துக்குத் திரும்பி வர முடியாது.

அவனுக்கு வேண்டியது மூன்று மாதம். இடுகாட்டு விதி அப்படி. புது மண் இறங்க ஆறு மாதம் விட வேண்டும். ஏழாம் மாதம் முடிவதற்குள் பெயர்க் கல் வைத்துவிட வேண்டும். இடம் யார் பேரில் இருக்கிறதோ அவர் நேரில் நின்று கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் இப்போது நட்டிருக்கும் தகரத் தகட்டின் எண்தான் கடைசிவரை. இடம் அவன் பேரில் இருந்தது.

“கேட்டா மட்டும் பதில் சொல்லுங்க. நீங்களா வாயைக் கொடுத்து மாட்டிக்காதீங்க” என்று தாழ்ந்த குரலில் சொன்னான் மைத்துனன். பிறகு விண்ணப்பத்தைப் புரட்டி, “இந்த போட்டோவைப் பார்த்தா எனக்கே உங்களை நாடு கடத்தத் தோணுது” என்றான்.

அவன் டோக்கன் எண் வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் அதிகாரிக்குத் தொண்டை கட்டியிருந்தது. சூடான தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டுத் தாள்களைச் சரிபார்த்தார்.

“ரெண்டு பேருக்கு அப்பாயின்ட்மென்ட் போட்டிருக்கு. மனைவி எங்க?”

போட்டது அவள்தான், சாவதற்கு ஒரு மாதம் முன்பு. ஒவ்வொரு வருடமும் அவளே போடுவாள்.

“வரலை.”

“டியூட்டியா?”

பின்னால் மைத்துனன் செருமினான்.

அதிகாரி கணினியைப் பார்த்தபடியே பேசினார். “நர்ஸ்னு இருக்கு. எங்க அம்மாவும் நர்ஸ்தான், எனக்குத் தெரியாதா? முதல் விண்ணப்பதாரர் நேர்ல வரணும். பரவாயில்ல, ஷிஃப்ட் முடிஞ்சதும் வந்து ஒரு கையெழுத்துப் போடச் சொல்லுங்க. நாலு மணிக்குக் கவுன்ட்டரை மூடிடுவோம். அவங்களுக்காக நான் அஞ்சு வரைக்கும் இருக்கேன்.”

அவன் விண்ணப்பத்தைப் பார்த்தான். ‘மணமானவர்’ என்ற கட்டத்தில் அவன் கையே குறி போட்டிருந்தது. ‘துணையை இழந்தவர்’ அதற்கு அடுத்த வரி. நேற்று நிரப்பும்போது பொய் சொல்கிறோம் என்றே தோன்றவில்லை; கை பழகிய இடத்தில் போய் நின்றது.

இந்தப் பெண் ஐந்து மணிவரை உட்கார்ந்திருப்பார்.

“இருக்க வேண்டாம் மேடம். அவ செத்துட்டா. நாலு மாசம் ஆச்சு.”

மைத்துனன் சுவரில் சாய்ந்துகொண்டான். இறப்புச் சான்றிதழ் பையின் அடியில் இருந்தது. அவன் அதை எடுத்துக் கண்ணாடியின் கீழ் நீட்டினான்.

அதிகாரி இரண்டு முறை படித்தார். “முப்பது நாளைக்குள்ள சொல்லியிருக்கணும் சார்.”

“தெரியும்.”

“மூணு மாசம் கேட்டிருக்கீங்களே, எதுக்கு?”

சொன்னான். மண், கல், கையெழுத்து. மூன்றே வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

அவர் எழுந்து உள்ளே போனார். சுவர்க்கடிகாரத்தில் பதினைந்து நிமிடம் போனது. திரும்பி வந்தபோது குரல் இன்னும் கட்டியிருந்தது.

“கிளம்புறதுக்கு முப்பது நாள். அதுக்கு மேல ஒரு நாள்கூட எங்க கையில இல்ல. மேலதிகாரிகிட்டயும் கேட்டுப் பார்த்துட்டேன்.”

“சரி.”

“மறைச்சதுக்கு வேற கேஸ் போடலாம். போடலை.”

“நன்றி மேடம்.”

தெருவுக்கு வந்ததும் மைத்துனன் வெடித்தான். “டியூட்டின்னு ஒரு வார்த்தை, அத்தான். அதைச் சொல்ல என்ன கேடு? அப்புறம் ஏதாவது பண்ணியிருப்பேன்ல.”

“என்ன பண்ணியிருப்ப?”

மைத்துனன் வண்டிச் சாவியைக் கைக்குள் புரட்டிக்கொண்டே நின்றான்.

“உன் விசா எதுவரைக்கும்?”

“கம்பெனி விசா. இன்னும் ரெண்டு வருஷம்.” சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. “வேண்டாம், அத்தான். கல்லு நீங்கதான் வைக்கணும்.”

“உன் அக்காதானே.”

“அதுக்காக?”

“நம்பரோட கிடக்கட்டுங்கிறியா?”

மைத்துனன் வண்டியை எடுத்தான். வழியெல்லாம் ஒரு நகைச்சுவையும் வரவில்லை.

இடுகாட்டு அலுவலகத்தில் எழுத்தர் மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். இடத்தைப் பேர் மாற்ற வந்திருப்பதைக் கேட்டு, கையைத் துடைத்துக்கொண்டு பெரிய பதிவேட்டைப் பிரித்தார்.

“புதுசா யார் பேருக்கு?”

“இவர் பேருக்கு.”

“இறந்தவங்களுக்கு என்ன உறவு?”

“தம்பி” என்றான் மைத்துனன். எழுத்தர் காதைத் திருப்பினார்; இன்னொரு முறை சொன்னான்.

எழுத்தர் அளவுகோலை வைத்தார். பழைய வரியில் அவன் பெயர் மேலும், அதை ஒட்டியிருந்த ‘கணவர்’ மேலும் ஒரே கோடாக இழுத்தார். பதிவேட்டை அவன் பக்கம் திருப்பினார்.

“அடிச்ச இடத்துல ஒரு கையெழுத்து.”

போட்டான்.