எந்த ஏழு மணி?

ஹமாத்தை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதம் துரியாவின் மேசையில் கையெழுத்துக்குக் காத்துக் கிடந்தது. அய்த் அமீரா என்ற ஊரில், தக்காளியைத் தரம் பிரித்துப் பெட்டியிலடைக்கும் கூடத்துக்கு அவள் மேலாளராகி நான்கு மாதம்தான் ஆகிறது. குளிர் அறைச் சாவி ஹமாத்திடம் இருந்தது. மற்ற நாட்களில் அவர் ஆட்களோடு வேனில் வந்துவிடுவார். ஏற்றுமதி லாரி வரும் நாளில் மட்டும் ஏழு மணிக்கே தன் மொபெட்டில் வந்து அறையைத் திறக்க வேண்டும்.

இரண்டு முறை சொன்னாள். இரண்டு முறையும் "வாக்கா, லல்லா" என்று தலையாட்டினார். சரி அம்மா என்று பொருள். இரண்டு முறையும் எட்டு மணிக்குத்தான் வந்தார். நேற்று லாரி கப்பலைத் தவறவிட்டது. காசாபிளாங்காவிலிருந்து இயக்குநர் கூப்பிட்டு, இன்றைக்குள் ஆளை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

ஹமாத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தார்.

"உட்காருங்க, ஸீ ஹமாத்," என்றாள் துரியா. ஸீ என்றால் ஐயா. "நேத்து ஏன் லேட்டு?"

"லேட்டா? இருபத்திரண்டு வருஷத்துல அந்தப் பேரே நான் வாங்கினதில்ல, லல்லா."

"நான் எத்தனை மணிக்கு வரச் சொன்னேன்?"

"ஏழு."

"நீங்க எத்தனை மணிக்கு வந்தீங்க?"

"ஏழு."

துரியாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள். "அதுல இப்ப மணி என்ன?"

"பதினொண்ணு."

"உங்க கையில?"

"பத்து." அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. "அது அரசாங்கம் ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வெச்ச புது மணி. எங்க ஊர்ல என் பொண்டாட்டி, பள்ளிவாசல், ஆடு எல்லாத்துக்கும் பழைய மணிதான். உங்களுக்கு முன்னாடி இருந்த ஸீ லஹ்ஸன் 'பழைய மணி ஆறு'ன்னு சொல்லுவாரு. நீங்க வெறுமனே ஏழுன்னீங்க. திஸ்னித் பொண்ணாச்சே, அங்கயும் பழைய மணிதானே, நம்ம மணியத்தான் சொல்றீங்கன்னு நெனச்சேன்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"நீங்க 'புரிஞ்சுதா'ன்னு கேட்டீங்க. புரிஞ்சுது. வாக்கான்னேன்."

திஸ்னித்திலிருந்து துரியாவின் அம்மா போனில் பேசும்போது, "பேருந்து எந்த மணிக்குடி, பழசா புதுசா?" என்றுதான் முதலில் கேட்பாள். அம்மாவிடம் மறக்காமல் சொல்வதை இவரிடம் அவள் ஒரு நாளும் சொன்னதில்லை.

அவர் போனதும் இயக்குநரைக் கூப்பிட்டாள். "தப்பு அவர் மேல இல்ல, சார். பாதி உத்தரவுதான் நான் கொடுத்திருக்கேன்."

"வெள்ளிக்கிழமை லாரி வருது. அதுவும் தவறிச்சுன்னா ரெண்டு பேருக்கும் கடிதம்," என்று இயக்குநர் போனை வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஹமாத் கிளம்பும்போது கூப்பிட்டு, மறுநாள் எப்போது வர வேண்டும் என்று சொன்னாள். 'புரிஞ்சுதா' நாக்கின் நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"நான் என்ன சொன்னேன்னு இப்ப நீங்க சொல்லுங்க."

"என்ன லல்லா, பள்ளிக்கூடமா?"

"சொல்லுங்களேன்."

"வெள்ளிக்கிழமை, என் மணிக்கு ஆறு, உங்க மணிக்கு ஏழு. வேனுக்குக் காத்திருக்காம வந்து குளிர் அறையத் திறக்கணும்." தொப்பியை மாட்டிக்கொண்டே சிரித்தார். "இப்ப நீங்க ஒரு தடவை சொல்லுங்க."

துரியாவும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை சுவர்க் கடிகாரத்தில் ஏழாகப் பத்து நிமிடம் இருந்தபோது அவள் வந்தாள். குளிர் அறை திறந்திருந்தது. ஹமாத் கையை ஆட்டி ஆட்டி, லாரியைப் பின்பக்கமாக வாசலுக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார். கடிதத்தை அவள் நான்காகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள்.