தட்டுக்கு வந்த தீர்ப்பு

உண்டு முடித்து ஓய்ந்திருப்பவர்களே, சற்று எழுந்து வாருங்கள். ஒரு சாப்பாட்டுக் கூடத்திற்கு உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். திருப்பூரின் ஒரு பின்னலாடை நிறுவனம் தன் ஆலை வளாகத்துக்குள்ளேயே பெண் தொழிலாளர்களைத் தங்கவைத்திருக்கும் விடுதி அது. வளாக வாயிற்கதவின் பூட்டு வெளிப்பக்கம் தொங்குகிறது. காவலர் மனம்வைத்தால்தான் நீங்களும் நுழைய முடியும். உள்ளே சுவரில் ஒரு தொலைக்காட்சி. அதில் ஒலிபெருக்கியின் முன் நின்று ஒரு பெண் முழங்குகிறாள்: "நம்ம தட்டுல விழுற ஒவ்வொரு துண்டு கறியும் இந்தப் பூமிக்கு நாம வைக்கிற கொள்ளி." அந்தத் திரைக்கு நேர் எதிரே அதே பெண் அமர்ந்து, சோயா உருண்டைக் குழம்பைச் சோற்றில் பிசைந்துகொண்டிருக்கிறாள். தன் குரலுக்கே அஞ்சித் தலைகுனிந்து உண்ணும் ஒருத்தியை இதற்குமுன் கண்டதுண்டா?

அவள் பெயர் சித்ராதேவி. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து தங்கை அன்புசெல்வியோடு வேலைக்கு வந்தவள். அக்காள் தையல் இயந்திரத்தில். தங்கை, தைத்த துணியில் பிழை பார்க்கும் மேசையில். பள்ளி நாளிலேயே மேடை ஏறியவள் என்பதால், நிறுவனத்தில் எந்த விழா என்றாலும் பேசச் சித்ராதேவியைத்தான் கூப்பிடுவார்கள்.

சுற்றுச்சூழல் நாளன்று ஒரு பட்டிமன்றம் வைத்தார்கள். பூமி சூடாவதற்குப் பெரும்பொறுப்பு உண்பவருக்கா, உற்பத்தி செய்பவருக்கா என்பது தலைப்பு. பணியாளர் அலுவலர் மாதவன் அணி பிரித்தார்; சித்ராதேவிக்கு உண்பவர் அணியைக் கொடுத்தார். கொடுத்த பக்கத்தைப் பேசுவதுதானே பட்டிமன்றம்? கல்யாணமே ஆகாதவள், போன பொங்கலுக்கு 'குடும்பத்தின் தூண் மாமியாரே' என்று பேசி டிபன் கேரியர் பரிசு வாங்கியிருந்தாள். அதே துடிப்போடு இப்போதும் பேசினாள். கூடம் அதிரக் கைதட்டியது. உண்பவரே பொறுப்பு என்று நடுவர் தீர்ப்பளித்தார். எல்லாரும் சிரித்தபடியே போய்க் கோழிக்குழம்பு சாப்பிட்டார்கள்.

அதுதான் கடைசிக் கோழிக்குழம்பு. அடுத்த வாரம் விடுதிச் சமையலறையில் கறியும் மீனும் முட்டையும் நின்றுபோயின. தொழிலாளர்களே விரும்பிக் கேட்டார்கள் என்றது நிர்வாகம். சான்று கேட்டவர்களுக்குச் சித்ராதேவியின் காணொளியைப் போட்டுக் காட்டியது.

இறைச்சியால் பூமி சூடாகவில்லை என்று வாதாட நான் வரவில்லை. மாட்டின் ஏப்பத்தில் வரும் வாயுவும் உண்மை. மேய்ச்சலுக்காக எரிக்கப்படும் காடும் உண்மை. உலகம் தன் தட்டைக் குறைத்துக்கொள்ளத்தான் வேண்டும். என் கேள்வி வேறு: குறைக்கும் கை முதலில் யாருடைய தட்டின்மீது விழுகிறது?

அது அன்புசெல்வியின் தட்டின்மீது விழுந்தது. இரத்தச் சோகை பிடித்தவள் அவள். மாத்திரை வயிற்றில் தங்காமல் வாந்தியாகப் போனதால், வாரம் இரண்டுமுறை ஈரல், தினம் ஒரு முட்டை என்று ஈ.எஸ்.ஐ. மருத்துவர் சொல்லியிருந்தார். வெளியிலிருந்து உணவு கொண்டுவர விடுதியில் அனுமதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை காப்பாளர் முன்னே நடக்க, சோப்பு வாங்கிவரும் நேரத்துக்கு மட்டும் கதவு திறக்கும்.

"ஏக்கா, டிவில இருக்கவ என்னைய சோயா திங்கச் சொல்லுறா," என்றாள் அன்புசெல்வி, தட்டைத் தள்ளிவைத்து. "பக்கத்துல இருக்கவ என்னத்தச் சொல்லுறா?"

சித்ராதேவி மறுநாள் முதலாளி தனபாலின் அறைக்குப் போனாள்.

"உக்காருங்க கண்ணு," என்றார் அவர்.

"அன்னிக்குப் பேசுனது பட்டிமன்றம்ங்கய்யா. எனக்குக் குடுத்த பக்கத்தப் பேசுனேன். என் தங்கச்சிக்கு ஈரல் வேணும்."

தனபால் பெருமூச்சு விட்டார். "புகையைக் குறைச்சுக் காட்டுன்னு துணி வாங்கற வெளிநாட்டுக்காரங்க கழுத்தைப் புடிக்கறாங்க கண்ணு. பாய்லரை மாத்தலாம்னா துணிக்கு வெலை ஏத்த மாட்டீங்கறாங்க. கடைசி நேரத்துல கலரை மாத்தறாங்க, தேதியை மாத்த மாட்டீங்கறாங்க. கப்பல்ல போட்டா எப்படிப் போய்ச் சேரும்? பிளேன்லதான் ஏத்தறனுங்க. அதெல்லாம் என் கையில இல்லீங்க. என் கையில இருக்கறது உங்க தட்டு ஒண்ணுதான்."

"உங்க வீட்டுத் தட்டு யாரு கையிலங்கய்யா இருக்கு?"

அவர் முகம் சிறுத்தது. "எங்க ஊட்டுல புரட்டாசிக்கு மட்டுந்தான் நிறுத்துவோம். பொய் சொல்ல மாட்டனுங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "வர்ற வாரம் அந்த வெளிநாட்டுக் கம்பெனி அம்மா நேர்லயே வருது. உங்க பேச்சைக் கேக்கணும்னு ஆசைப்படுது. பேசுங்க."

பேசுவது என்று முடிவுசெய்தாள் சித்ராதேவி. பேச்சினால் தட்டுக்கு விழுந்த பூட்டைப் பேச்சினாலேயே உடைத்துவிடலாம் என்று நம்பினாள்.

அந்த அம்மையார் வந்தார். இனிய முகம், தமிழ் அறியாதவர். மொழிபெயர்க்க மாதவன் அருகில் நின்றார். அதே மேடை, அதே ஒலிபெருக்கி. சித்ராதேவி தொடங்கினாள்.

"அன்னிக்கு ஒரு பக்கம் பேசுனேன். இன்னிக்கு மறுபக்கம் பேசுறேன். அம்மா, நீங்க கலர் மாத்துன சட்டை பிளேன்ல பறக்குது. அந்தப் புகைக்கு என் தங்கச்சியோட ஈரலை நிறுத்தியிருக்காங்க. வேணும் வேணாம்னு சொல்ல முடிஞ்சவங்களுக்குத்தான் பொறுப்பு இருக்கு. பூட்டுன கதவுக்குள்ள இருக்கவளுக்கு என்ன பொறுப்பு இருக்கு? மொதல்ல கதவத் திறங்க. அப்புறம் கறி வேணுமா வேணாமான்னு நாங்க முடிவு பண்ணிக்கிறோம்."

மாதவன் ஆங்கிலத்தில் நீளமாகச் சொன்னார். அம்மையாரின் கண்கள் கலங்கின. எழுந்துவந்து சித்ராதேவியைக் கட்டியணைத்து, இலை வடிவப் பச்சை வில்லை ஒன்றை அவள் தோளில் குத்தினார். தான் வென்றுவிட்டதாகவே எண்ணினாள் அந்தப் பேதை.

"சார், நாளையிலேர்ந்து ஈரல் வருமா?"

மாதவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நீங்க அன்னிக்குப் பேசுனதைத்தான் இன்னிக்கும் சொன்னனுங்க அம்மிணி. இன்னிக்குப் பேசுனதைச் சொல்லியிருந்தா ஆர்டர் போயிருமுங்க. ஆர்டர் போனா ஈரல் இல்லீங்க, சோறே இல்லீங்க."

மறுவாரம் தொலைக்காட்சியில் புதிய காணொளி வந்தது. சித்ராதேவி சினந்து கையை ஓங்குகிறாள். குரலை நீக்கிவிட்டு இசை சேர்த்திருக்கிறார்கள். கீழே ஆங்கில எழுத்துகள் ஓடுகின்றன. அது ஓடிக்கொண்டிருந்த ஒரு மதியம், பிழை பார்க்கும் மேசையின் காலடியில் அன்புசெல்வி சரிந்தாள். விழுந்தவள் தூக்கியவர்களிடம் கேட்டது, "அக்காட்டச் சொல்லிட்டீங்களா?" என்பதுதான். அக்காள் ஓடிவந்தாள். நேரங்கெட்ட நேரத்தில் அந்தக் கதவு திறந்தது அன்றைக்குத்தான்; ஆம்புலன்ஸ் உள்ளே வருவதற்காக. வேலைநேரம் முடியவில்லை என்று அக்காளை ஏற விடவில்லை. தங்கையை ஏற்றிக்கொண்டு வண்டி வெளியேறியதும் காவலர் மறுபடியும் பூட்டினார். கம்பிகளுக்கு உட்புறம் சித்ராதேவி நிற்கிறாள், தோளில் பச்சை இலையோடு.

கண்டீர்கள். இனி, தெரியாது என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இல்லை. உங்கள் சட்டையின் கழுத்துப் பட்டையைத் திருப்புங்கள். அங்கே ஒரு பெயர் தைக்கப்பட்டிருக்கும். அந்தப் பெயருக்கு இன்றே எழுதுங்கள். இதைத் தைத்தவள் என்ன உண்டாள், அதை யார் முடிவு செய்தார், அவள் கதவின் பூட்டு எந்தப் பக்கம் தொங்குகிறது என்று கேளுங்கள். விடை வரும்வரை கேளுங்கள். வராவிட்டால் திரண்டு வாருங்கள். அந்தப் பூட்டின் முன்னால் நின்று, திற என்று சொல்லுங்கள்.