பின்பாரம்

"இழுக்குதா, அலையுதா?" என்று மெக்கானிக் கேட்டார்.

அவர் கேட்டது அப்பாவிடம். பதில் சொன்னது மகள்.

"ரெண்டும்தான்."

"ரெண்டும் ஒண்ணு இல்லம்மா. இழுக்குதுன்னா ஒரே பக்கமா ஒதுங்கும். அலையுதுன்னா இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம், நம்ம மச்சான் கல்யாண வீட்டுல இருந்து திரும்பற மாதிரி."

அலைன்மென்ட் மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்த மச்சான் தலையைத் தூக்காமலே, "என்னை ஏன் இழுக்கறீங்க? நான் நேராத்தான் வருவேன், ரோடுதான் வளையும்" என்றார்.

மகள் சிரிக்கவில்லை. "அப்ப அலையுது" என்றாள்.

அந்த வண்டி பட்டறைக்கு வருவது இரண்டாவது தடவை. உயரமான கூரையும் அகலமான பின்கதவும் உள்ள கார். போன தடவை ஸ்டீயரிங் மூட்டுகள் தேய்ந்திருந்தன. அவற்றை மாற்றி, சக்கரங்களை மிஷினில் வைத்து நேர்ப்படுத்தி அனுப்பியிருந்தார்கள். மிஷின் திரையில் எல்லாக் கோடுகளும் பச்சையாக இருந்ததை மச்சான் கூப்பிட்டுக் காட்டியிருந்தார்.

"முந்தாநாள் சாயங்காலம் இவருக்குத் தெரியாம ஸ்கூட்டர்ல பின்னாலயே போனேன்" என்றாள் மகள். "பள்ளிக்கூடம் விடற நேரம். பிள்ளைங்க ஓரமா நடந்து போறாங்க. வண்டி அந்த ஓரத்துக்குப் போகுது, திரும்ப நடுவுக்கு வருது, மறுபடி ஓரத்துக்குப் போகுது." மூச்சு வாங்கிக்கொண்டாள். "இந்தத் தடவை நல்லாப் பாருங்க. வண்டியில கோளாறு இல்லன்னா ஒளிக்காம சொல்லிடுங்க. சாவியை நான் வாங்கி வெச்சுக்கறேன்."

அப்பா பட்டறைச் சுவரில் சாய்த்து வைத்திருந்த பழைய டயர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேலை பார்த்த காலம் முழுவதும் பஸ் ஓட்டியவர். சட்டைக் கைகளை முழங்கைவரை ஒரே அளவாக மடித்துவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை. சாவி என்ற சொல் காதில் விழுந்தபோது மட்டும் கை ஒருமுறை சட்டைப் பைக்குப் போய் வந்தது.

"ஓட்டிப் பாத்துருவோம் சார்" என்றார் மெக்கானிக்.

நால்வரும் ஏறினார்கள். மெக்கானிக் ஓட்டினார், பக்கத்தில் அப்பா. மகளும் மச்சானும் பின்னால் உட்கார்ந்தார்கள். கிடங்குகளைத் தாண்டி அகலமான சாலைக்கு வந்ததும் வேகத்தைக் கூட்டி, பிடியைத் தளர்த்தி, ஸ்டீயரிங் விரல் நுனியில் படும்படி மட்டும் வைத்துக்கொண்டார். வண்டி வெள்ளைக்கோட்டை ஒட்டி நூல் பிடித்தாற்போல் போயிற்று. திரும்பி வரும்போது அப்பாவை ஓட்டச் சொன்னார். அப்போதும் ஒரு குறையும் இல்லை. ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோதுகூட ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வந்து நின்றது.

பட்டறையில் இறங்கியதும் மச்சான் மெக்கானிக்கின் தோளை இடித்து, குரலைத் தாழ்த்துவதாக நினைத்துக்கொண்டு சொன்னார்: "வண்டிக்கு ஒண்ணும் இல்ல. சர்வீஸ் பண்ண வேண்டியது ஆளைத்தான்."

எல்லோருக்கும் கேட்டது.

மகள் அப்பாவைப் பார்க்காமல், "நாலு பேர் இருக்கறப்ப கவனமா ஓட்டறார்" என்றாள். "தனியாப் போறப்பதான் என்னவோ ஆகிடுது. அம்மா போனதுலேர்ந்தே இப்படித்தான். கூப்பிட்டாக்கூட ஒரு நிமிஷம் கழிச்சுத்தான் திரும்பறார்."

"சரி, நான்தான்" என்றார் அப்பா. "விடு. எடுத்துக்க."

சாவியை வண்டியின் முன்மூடி மேல் வைத்தார். மகள் அதை உடனே எடுக்கவில்லை.

மெக்கானிக்குக் குழப்பமாக இருந்தது. லாரி, வேன், டாக்ஸி என்று எத்தனையோ ஓட்டுநர்களை அவர் பார்த்திருக்கிறார். சுவரில் மோதிவிட்டு வந்தவன்கூட சுவர் குறுக்கே வந்தது என்றுதான் பேச்சை ஆரம்பிப்பான். ஆயுள் முழுக்க ஸ்டீயரிங் பிடித்தவர், ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டது அவருக்குச் சரியாகப் படவில்லை.

"வண்டியைக் கொஞ்சம் வெளியே நிறுத்திட்டு வரேன், மிஷினுக்கு அடுத்த வண்டி ஏறணும்" என்று சாவியை எடுத்துக்கொண்டார். மிஷினுக்குக் காத்திருந்த வண்டி எதுவும் இல்லை. மச்சான் ஏதோ சொல்ல வந்து, அவர் முறைத்ததைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

அதே சாலைக்கு, இந்தத் தடவை தனியாகப் போனார். வேகம் ஏறியதும் முன்பக்கம் லேசானது. சாலையில் பிடிமானம் இல்லாததுபோல் வண்டி வலப்பக்கம் நகர்ந்தது. திருத்தினால் இடப்பக்கம் போயிற்று. அதைத் திருத்தினால் மறுபடி வலம். ஸ்டீயரிங் நடுவுக்கு வர மறுத்தது. ஓரமாக நிறுத்தி இறங்கினார். கொஞ்ச தூரம் தள்ளி நின்று வண்டியைப் பக்கவாட்டில் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. பின்பக்கம் தூக்கலாக இருந்தது. மூக்குத் தரையைப் பார்த்தது.

குனிந்து அடியில் டார்ச் அடித்தார். பின் ஸ்பிரிங்குகள் அந்தக் காருக்கு உரியவை அல்ல. பாரவண்டிக்குப் போடும் தடிமன். பின்கதவைத் திறந்து விரிப்பை உருவினார். தகரத்தில் சக்கரம் நிற்க இரண்டு பள்ளங்களும், நான்கு மூலையிலும் பெல்ட் மாட்டும் கொக்கிகளும் இருந்தன. கதவோரத்தில், எதையோ கழற்றியெடுத்த போல்ட் துளைகளை ரப்பர் வைத்து அடைத்திருந்தார்கள். போன தடவை அவர் வண்டியை முன்பக்கம் மட்டும்தான் பார்த்திருந்தார். தன்னையே ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிக்கொண்டார்.

திரும்பி வந்ததும் மகளிடம்தான் கேட்டார். "இந்த வண்டி பின்னாடி முன்ன என்னம்மா இருந்துச்சு?"

"அம்மாவோட நாற்காலி" என்றாள். "கரண்ட்ல ஓடற சக்கர நாற்காலி. பேட்டரியே ஆள் கனம் இருக்கும். அதை ஏத்தி இறக்க ஒரு லிஃப்ட். அம்மா அதுலயே உக்காந்துதான் வருவாங்க."

"இப்ப?"

"குடுத்தாச்சு. காப்பகத்துக்கு. லிஃப்ட்டையும் கழட்டிக் குடுத்துட்டோம்."

"அந்தக் கனத்துக்காகப் போட்ட ஸ்பிரிங்கை யாரும் கழட்டல. கனம் போனதும் பின்பக்கம் எம்பிருச்சு. பின்பக்கம் எம்பினா முன்சக்கரத்தோட சாய்மானம் மாறிடும். அந்தச் சாய்மானம்தான் ஸ்டீயரிங்கைத் தானா நேருக்குக் கொண்டுவரும். நாம ஓட்டிப் பாத்தப்ப நீங்களும் இவனும் பின்னாடி உக்காந்தீங்க, அந்தக் கனத்துல சரியாப் போச்சு. சார் தனியாப் போனா அலையும். நான் தனியாப் போனேன், எனக்கும் அலைஞ்சுது. தப்பு சார் மேல இல்ல. என் மேலயும் பாதி இருக்கு."

மச்சான் துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்த மிஷினை மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

மகள் அப்பாவின் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு இது தெரியாதா? பஸ் ஓட்டினவர் நீங்க."

அப்பா டயர்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "காலி பஸ்ஸும் ஆளேத்தின பஸ்ஸும் ஒண்ணா ஓடாது" என்றார். "காப்பகத்துக்காரங்க வந்து நாற்காலியை எடுத்துட்டுப் போன அன்னிக்குச் சாயங்காலமே தெரிஞ்சுபோச்சு."

"அப்ப ஏம்பா சொல்லல?"

"நீ அழுதுகிட்டே குடுத்தனுப்பினே. அதுக்கு மேல நான் வேற, உன்னாலதான் வண்டி ஆடுதுன்னு சொல்லணுமாக்கும்."

"நான் சாவியைக் கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"கேட்டே. குடுத்தேன்."

அவள் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். யாரும் கேட்காமலே, மெக்கானிக்கைப் பார்த்துப் பேசினாள். "அம்மா போன பிறகும் இவர் தினம் அந்த நாற்காலிக்குச் சார்ஜ் போட்டு வெப்பார். காலையில எந்திரிச்சு ஹாலுக்கு வந்தா பச்சை விளக்கு எரியும். மெத்தையில அவங்க உக்காந்த குழி அப்படியே இருக்கும். என்னால தாங்க முடியல. இவரை ஒரு வார்த்தை கேக்காமத்தான் காப்பகத்துக்குப் போன் பண்ணேன்."

"நல்லதுதான் பண்ணே" என்றார் அப்பா. "யாராவது ஒருத்தர் உக்காந்து போவாங்க."

அதை அவர் சொன்ன விதத்தில் கோபம் இல்லை. அதனால் அவளுக்கு இன்னும் கஷ்டமாகப் போயிற்று.

மெக்கானிக் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அந்தக் காருக்குரிய ஸ்பிரிங்கை வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டும், கொஞ்ச நாள் ஆகும் என்றார். அதுவரைக்கும் பின்னால் மணல் மூட்டை போட்டுக்கொண்டால் வண்டி ஒழுங்காகப் போகும். பட்டறைக்குப் பின்னால் கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணலை மச்சான் சாக்குகளில் நிரப்பிக்கொண்டு வந்தார். கேலி எதுவும் பேசாமல் சுமந்தார்.

சாக்குகளை உள்ளே வைத்தது அப்பாதான். மற்றவர்களை நகரச் சொல்லிவிட்டு, அந்த இரண்டு பள்ளங்களின் மேல் வாகாக அடுக்கினார். பின்சீட்டுக்கு அடியில் கைவிட்டு, சுருட்டி வைத்திருந்த பெல்ட்டுகளை எடுத்தார். அவற்றை அவர் யாருக்கும் கொடுத்திருக்கவில்லை. நான்கு கொக்கியிலும் மாட்டினார். ஒவ்வொன்றையும் இரண்டு விரல் நுழைகிற அளவுக்குத் தளர்த்தி, பிறகு இழுத்துப் பார்த்தார். மேல் பெல்ட் சாக்கின் வயிற்றை அழுத்தியது. அதன் கீழே ஒரு துணியை மடித்து வைத்தார். வேலை முடிந்ததும் கொஞ்சம் குனிந்து நின்றார், பதிலுக்குக் காத்திருப்பதுபோல். பிறகு கதவைச் சத்தம் வராமல் சாத்தினார்.

மகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மெக்கானிக்கின் கையிலிருந்து சாவியை வாங்கி, அப்பாவின் சட்டைப் பையில் அவளே போட்டாள். "மெதுவாப் போங்க" என்றாள். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். திருப்பம்வரை வண்டி ஆடாமல் போவதைப் பட்டறை வாசலிலிருந்து பார்க்க முடிந்தது.

ஸ்பிரிங் வந்து சேர்ந்ததும் மெக்கானிக் அப்பாவுக்குப் போன் செய்தார். "வரேம்பா" என்றார் அப்பா. வரவில்லை. மறுபடி கூப்பிட்டபோதும் "வரேம்பா, இந்த வாரம் கொஞ்சம் வேலை" என்றார்.

கடைசியில் மகள் வந்தாள், தனியாக. ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேசினாள்.

"இனிமே அவரைக் கூப்பிடாதீங்க. வண்டி அப்படியே இருக்கட்டும்."

"சாக்கு நைஞ்சு மணல் ஒழுகும்மா."

"கெட்டி கேன்வாஸ்ல தைச்சுப் போட்டுட்டார். காலையில பெல்ட்டை அவுத்து மறுபடி மாட்டி, சரிபார்த்துட்டுத்தான் வண்டியை எடுக்கறார்."

"எங்க போறார்?"

"அம்மாவுக்குக் கை கால் பயிற்சி குடுத்தாங்களே, அந்த இடத்துக்கு. வாசல்ல நிறுத்தறார். இறங்கறதில்ல. பயிற்சி முடியற நேரம் ஆனதும் வீட்டுக்குத் திரும்பிடறார்." ஹெல்மெட் கண்ணாடியைக் கீழே இறக்கினாள். "நேராத்தான் ஓட்டறார். பின்னாலயே போய்ப் பாத்துட்டேன்."

மச்சான் ஸ்பிரிங் பெட்டியை எடுத்து மேல்தட்டில் ஏற்றினார்.

மெக்கானிக் வாசல்வரை வந்தார். ஸ்கூட்டர் கிளம்பும்போது சொன்னார்: "பின் டயர்ல காத்து குறையாமப் பாத்துக்கச் சொல்லும்மா. பாரம் இருக்குல்ல."

அவள் தலையாட்டினாள்.