நான்கு நாள் எங்கேஜ்

மனித குலத்தை இரண்டாகத்தான் பிரிக்க முடியும் என்பது ஜானின் முடிவு. கஸ்டமர் கேருக்கு போன் போடுகிறவர்கள், போடாதவர்கள். நாடு, மதம், மொழி, படிப்பு எல்லாம் அதற்குக் கீழே வரும் சில்லறைப் பிரிவுகள். முதல் வகையினர் பெருகிக்கொண்டே போவதால்தான் உலகம் இந்த நிலைமைக்கு வந்திருக்கிறது என்றும் அவன் கருதினான்.

புதன்கிழமை மத்தியானம், பட்டினப்பாக்கம் ஹவுசிங் போர்டில் இரண்டாம் மாடியில், ஒரு வாரம் லீவு போட்டு வந்திருந்த மாமியார் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது இதை அவன் ஒரு கட்டுரை வாசிப்பதுபோல நிதானமாகச் சொன்னான். மாமியார் ஜெசிந்தா சங்கராக் குழம்பை ஊற்றியபடி பயபக்தியோடு கேட்டுக்கொண்டாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த ரோஸி மட்டும் மீன் முள்ளை எடுப்பதில் கவனமாக இருந்தாள். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் இதை அவள் பதினாலாவது முறையாகக் கேட்கிறாள்.

ஜான் சும்மா சொல்லவில்லை. கோடம்பாக்கத்தில் சினிமாவுக்கு லைட் பிடிக்கும் குடும்பத்தில் பிறந்து, பெருங்குடியில் கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் ஐந்தாம் மாடிவரை போனவன். அங்கே உட்கார்ந்துகொண்டு ஆறு வருடமாக அமெரிக்காக்காரர்களுடைய வீட்டு இன்டர்நெட் போன்களைச் சரிசெய்கிறான். மாமியார் வீட்டில் அவனுக்கு நெட்வொர்க் இன்ஜினியர் என்று பெயர். அந்தப் பெயரைக் கொடுத்தவனும் அவனே.

“டெக்சாஸ்ல ஒருத்தர், அத்தை. பெரிய டாக்டரு. இன்டர்நெட் பெட்டி முன்னாடியே நின்னுக்கினு, பெட்டியில பச்சை லைட்டு எரியுதான்னு என்னைக் கேக்கறாரு. நான் பெருங்குடியில கீறேன்.”

“பாவம்” என்றாள் ஜெசிந்தா. யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை.

அன்று காலையில்தான் அந்த வீட்டுக்கும் ஒரு பெட்டி வந்திருந்தது. பழைய செம்பு ஒயரில் இனிமேல் போன் வராது, எல்லாம் இன்டர்நெட் வழியாகத்தான், எண் மட்டும் அதேதான் என்று சொல்லி, கம்பெனி ஆள் வந்து சுவரில் பெட்டியை அடித்து, தலைமுடி கனத்தில் ஒரு ஃபைபரைச் சொருகிவிட்டு, “போனுக்கு மட்டும் கஸ்டமர் கேருக்கு ஒரு கால் போட்டீங்கன்னா அவங்களே லைன்ல இருந்து செட் பண்ணிக் குடுப்பாங்க சார்” என்றான்.

ஜான் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கும் சர்ஜன்போலச் சிரித்தான். “நீங்க கெளம்புங்க பிரதர். நான் பாத்துக்கறேன்.”

அந்த போன் அந்த வீட்டில் வெறும் போன் இல்லை. மந்தைவெளி, சாந்தோம், ராஜா அண்ணாமலைபுரம் என்று நாற்பது வீடுகள் அதில்தான் ஜெசிந்தாவிடம் மீன் சொல்கிறார்கள். இருபத்திரண்டு வருடமாக அந்த எண் சில வீடுகளில் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது, சில வீடுகளில் கேஸ் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதியிருக்கிறது. ஜெசிந்தாவிடம் மொபைலும் உண்டு. அது இதுவரை மூன்று முறை கடலிலும் ஒரு முறை இறால் கூடையிலும் விழுந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் எண் மாறியது. அதனால் அதை யாரும் எழுதி வைத்துக்கொள்வதில்லை.

அதோடு அது புரட்டாசி மாதத்தின் கடைசி வாரம். ஊரில் பாதிப் பேர் ஒரு மாதமாக மீனைக் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை. இந்த வருடம் சரியாக ஞாயிற்றுக்கிழமையே ஐப்பசி பிறக்கிறது. சனிக்கிழமை பெருமாளுக்குத் தளிகை போட்டு முடித்த கையோடு அத்தனை வீட்டிலிருந்தும் வஞ்சிரத்துக்குச் சொல்லிவிடுவார்கள். யாருக்கு எத்தனை கிலோ என்று தெரிந்தால்தான் ஞாயிறு விடியற்காலை ஏலத்தில் ஜெசிந்தா துணிந்து கை தூக்க முடியும். போன் அடிக்கவில்லையென்றால் அந்த வீடுகள் ஆப் பக்கம் போய்விடும். ஆப்பில் மீனைக் கழுவி, வெட்டி, டப்பாவில் போட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அந்த ருசி பழகிய வீடு திரும்பி வராது. போன வருடம் மூன்று வீடு அப்படித்தான் போனது.

இது ஜானுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் வேலையைச் சுத்தமாகச் செய்தான். போன் எப்போதும் இருக்கும் இடத்திலேயே, மாதா படத்துக்குக் கீழே ஸ்டூலில் இருக்கட்டும் என்று பெட்டியிலிருந்து ஒரு ஒயரை எடுத்துச் சுவரில் இருந்த பழைய டெலிபோன் பாயின்ட்டில் சொருகினான். அமெரிக்காவில் இப்படித்தான் செய்வார்கள், வீடு முழுக்க பழைய ஒயரிங்கே வேலை செய்யும் என்று விளக்கமும் சொன்னான். பிறகு ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தான்.

போன் ஒன்றும் சொல்லவில்லை.

ரோஸி தன் மொபைலிலிருந்து வீட்டு எண்ணுக்குப் போட்டுப் பார்த்தாள். “எங்கேஜ்னு வருதுய்யா.”

“ஆரம்பத்துல அப்டித்தான் வரும். ரிஜிஸ்டர் ஆவணும்.”

வியாழக்கிழமையும் அது ரிஜிஸ்டர் ஆகிக்கொண்டிருந்தது. பெட்டியில் நான்கு விளக்குகள். மூன்று நிலையாக எரிந்தன. போன் படம் போட்டிருந்த நான்காவது மட்டும் விடாமல் சிமிட்டியது. சர்வர் இவனைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது என்று ஜான் அதற்குப் பொருள் சொன்னான். பெட்டியை அணைத்து முப்பது எண்ணிப் போட்டான். ஒயரை மாற்றினான். போனையே மாற்றினான். ரோஸியின் கொண்டை ஊசியை வாங்கிப் பெட்டியின் பின்னால் இருந்த துளையில் குத்தினான். பெட்டி ஒருமுறை இருண்டு, யோசித்து, மறுபடி அதே மூன்று விளக்கை ஏற்றிவிட்டு நான்காவதைச் சிமிட்டியது.

போனை நேராகப் பெட்டியிலேயே சொருகிப் பார்க்கலாம். பெருங்குடியில் எந்தப் புதுப் பையனைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்லுவான். ஜானுக்கு அது தோன்றவில்லை. ஆறு வருடத்தில் ஒரு லட்சம் பெட்டிகளைப் பற்றிப் பேசியிருக்கிறானே தவிர, ஒரு பெட்டியைக் கையால் தொட்டது இதுதான் முதல் முறை.

“பேசாம அந்த நம்பருக்குப் போடேன்” என்றாள் ரோஸி, வெள்ளிக்கிழமை.

“எந்த நம்பரு?”

“பெட்டி மேலயே எழுதிக்கீதே. கஸ்டமர் கேர்.”

ஜான் அவளை, தன் வீட்டிலேயே இப்படி ஒருத்தி இருக்கிறாளா என்று பார்த்தான். “ரோஸி, அந்தப் பக்கம் உக்காந்துக்கினு கீறவன் நானு. போனை எடுக்கறவன் எழுதி வெச்சதைப் படிப்பான். அவ்ளோதான். நான் போய் அவங்கிட்ட கேக்கறதா?”

“அப்ப நீயும் எழுதி வெச்சதைத்தான் படிக்கிறியா?”

அவன் பெட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மாப்பிள்ளை பெட்டியின் முன்னால் குந்தியிருக்கும்போது ஜெசிந்தா அந்தப் பக்கம் சத்தமாகக் காலை எடுத்துக்கூட வைக்கவில்லை. டீ போட்டு பக்கத்தில் வைத்தாள். நெத்திலி வறுத்து வைத்தாள். குப்பத்தில் வேறு எந்த ஆம்பிளை அவளுடைய போனை மூன்று நாள் இப்படிப் பிரித்துப் போட்டிருந்தாலும் அவன் பாட்டன் பெயர்வரை தெருவுக்கு வந்திருக்கும். மாப்பிள்ளையிடம் அப்படிப் பேச முடியாது. கம்பெனி ஆளைத் திரும்பக் கூப்பிட்டால் மாப்பிள்ளைக்கு அது அவமானம். அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி அதிகமாக ஏற்றினாள்.

“இன்னாத்துக்கும்மா ரெண்டு?” என்று கேட்டாள் ரோஸி.

“ஒண்ணு கொழந்தைக்கு. ஒண்ணு அந்த சர்வருக்கு” என்றாள் ஜெசிந்தா.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு, மந்தைவெளி டாக்டர் வீட்டில் சமைக்கும் வேலம்மா படியேறி வந்தாள். மூச்சு வாங்க வாசலிலேயே நின்றுகொண்டாள்.

“இன்னா ஜெசிந்தா, நாலு நாளா யாருகூட பேசிக்கினு கீற? எப்ப போட்டாலும் எங்கேஜு.”

“போன் ரிப்பேரு வேலம்மா. மாப்ள பாத்துக்கினு கீறாரு.”

வேலம்மா மாப்பிள்ளையைப் பார்த்தாள். மாப்பிள்ளை தரையில், பனியனோடு, வாயில் கொண்டை ஊசியோடு இருந்தான்.

“டாக்டரம்மாக்கு கோவம். பெரிய வீட்டு ஏவாரம் கெடைச்சிட்டாப்ல கீது, நம்ம போனை எடுக்க மாட்றாளேன்னு. காலையில ஆப்புல சொல்லிட்டாங்க. நாலு கிலோ. நான்தான் மனசு கேக்காம ஒரு வார்த்த சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

“பரவால்ல வேலம்மா. மோர் குடிக்கிறியா?” என்றாள் ஜெசிந்தா.

வேலம்மா குடித்துவிட்டுப் போனாள். ஜெசிந்தா சுவரில் மாட்டியிருந்த காலண்டரின் பின்பக்கத்தைத் திருப்பி, அதில் வரிசையாக எழுதியிருந்த வீடுகளில் டாக்டர் வீட்டின்மேல் பென்சிலால் லேசாகக் கோடு போட்டாள். மாப்பிள்ளையின் கண்ணில் படக் கூடாதென்று உடம்பால் மறைத்துக்கொண்டுதான் போட்டாள். பட்டுவிட்டது. பிறகு கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கீழே ரோட்டோரத்தில் இருந்த தன் மீன் கடைக்கு இறங்கிப் போனாள்.

ஜான் சட்டையைப் போட்டுக்கொண்டு எழுந்தான்.

“எங்கய்யா போற?”

“மொட்ட மாடில சிக்னல் பாத்துட்டு வரேன்.”

பெட்டி ஃபைபரில் ஓடுகிறது, சிக்னலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதை அவனேதான் புதன்கிழமை அவளுக்குச் சொல்லியிருந்தான்.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு எண்ணை அழுத்தினான். தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொன்னது. அழுத்தினான். பாட்டு வந்தது. பாட்டின் நடுவே, தங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்று ஒரு குரல் ஏழு முறை சொன்னது. தொட்டியின் நிழல் அவன் காலைவிட்டு ஒரு முழம் நகர்ந்தது.

“வணக்கம் சார், நான் புஷ்ரா பேசறேன். உங்களுக்கு எப்படி உதவ முடியும்?”

அவளுக்குப் பின்னால் இன்னும் முப்பது பேர் எப்படி உதவ முடியும் என்று கேட்டுக்கொண்டிருந்த இரைச்சல் கேட்டது. அந்த இரைச்சல் ஜானுக்கு நன்றாகப் பழக்கமானது. இந்தப் பக்கத்திலிருந்து கேட்டதில்லை.

விஷயத்தைச் சொன்னான்.

“சரிங்க சார். ஒருதடவை பெட்டியை ஆஃப் பண்ணிட்டு, முப்பது செகண்ட் கழிச்சு...”

“பண்ணிட்டேன் மேடம்.”

“போனை நேரா பெட்டியிலயே மாட்டிப் பாத்தீங்களா சார்?”

“பாத்துட்டேன்” என்றான் ஜான். சொல்லும்போதே அந்தச் சின்ன இடைவெளி அவன் காதில் விழுந்தது. பொய் சொல்கிற கஸ்டமர் ஒவ்வொருவனும் விடுகிற இடைவெளி அது.

புஷ்ராவும் அதைக் கேட்டிருக்க வேண்டும். கோபிக்கவில்லை. “சரிங்க சார். போன் லைட்டு எரியுதா, சிமிட்டுதா?”

“சிமிட்டுது. ரிஜிஸ்டர் ஆகல.”

“இல்ல சார், இங்க ரிஜிஸ்டர் ஆயிருக்கு. புதன்கிழமையே ஆயிடுச்சு. சிமிட்டினா ரிசீவர் எடுத்து வெச்சிருக்குன்னு அர்த்தம். அதே லைன்ல வேற எங்கயாவது பேரலல் போன் இருக்கா சார்?”

“ஒரே போன்தான் மேடம். வீட்ல எனக்குத் தெரியாதா?”

“வீட்ல இருக்கறவங்களை ஒருதடவை கேட்டுப் பாருங்க சார். நான் லைன்லயே இருக்கேன்.”

ஜான் மொபைலைக் காதிலேயே வைத்துக்கொண்டு நான்கு மாடி இறங்கினான். கல்யாணமான நாளிலிருந்து மாமியாரின் கடைப் பக்கம் அவன் போனதில்லை. மாப்பிள்ளையை மீன் கடையில் நிற்க வைப்பது மரியாதையில்லை என்று அவள் விட்டதில்லை. இன்றைக்கு அவன் வருவதைப் பார்த்ததும் ஈக்களைக் கலைத்துவிட்டு, முந்தானையால் ஸ்டூலைத் துடைத்தாள்.

“அத்தை, வேற போன் எங்கயாவது கீதா? பேரலல் மாதிரி?”

“ஆங், கீதே” என்றாள் ஜெசிந்தா.

பலகைக்கு அடியில் இருந்த ஐஸ் பெட்டியை நகர்த்தி, பாலிதீன் கவரில் வஞ்சிரம்போல இறுக்கிச் சுற்றிக் கட்டிய ஒன்றை எடுத்தாள். உள்ளே ஒரு சிவப்பு போன் இருந்தது. ரிசீவர் தனியாக, பக்கத்தில் படுத்திருந்தது. அதிலிருந்து கிளம்பிய ஒயர் கம்பத்தைச் சுற்றி, சுவரோடு ஏறி, இரண்டாம் மாடி ஜன்னல் வழியே உள்ளே, ஜான் பெட்டியைச் சொருகிய அதே பழைய பாயின்ட்டுக்குப் போனது. வழியில் அதன்மேல் ஜானின் இரண்டு பனியன்கள் காய்ந்துகொண்டிருந்தன.

“லைன்மேன் ஒருத்தரு கட்டிக் குடுத்தாரு, ரெண்டு கிலோ எறாலுக்கு. ஏவாரக் கூச்சல்ல மேல அடிச்சா கேக்காதுன்னுட்டு.”

“ரிசீவரை ஏன் எடுத்து வெச்சீங்க?”

“நீங்க வெச்ச போனு மேல அடிக்கச் சொல்ல, இது பாட்டுக்குக் கீழ அடிச்சா நல்லாவா இருக்கும்? வீட்டுக்கு ஜெபிக்க ஃபாதர் வந்தாலும் இப்டித்தான் எடுத்து வெப்பேன். மாப்ள போனுதானே மொதல்ல அடிக்கணும்.”

“எங்கிட்ட சொல்லலியே அத்தை.”

“உங்களுக்குத் தெரியாததையா நான் சொல்லப்போறேன்” என்றாள் ஜெசிந்தா. அதில் குத்தல் எதுவும் இருக்கிறதா என்று ஜான் தேடிப் பார்த்தான். அகப்படவில்லை.

அவன் கவரைப் பிரித்து ரிசீவரை அதன் இடத்தில் வைத்தான். ஐந்து விநாடி போயிருக்காது, சிவப்பு போன் அலறியது. அதே சமயம் மேலேயும் ஒரு போன் அடிப்பது கேட்டது. ஜெசிந்தா மாப்பிள்ளையைப் பார்த்தாள். மாப்பிள்ளை தலையை ஆட்டிய பிறகுதான் எடுத்தாள்.

“சொல்லுங்க சுப்புலக்ஷ்மிம்மா. இல்லம்மா, நான் யார்கூடவும் பேசல. சத்தியமா இல்ல. ஆமா, நாளைக்குத்தான். வஞ்சிரம் மூணு, எறா ஒண்ணு. தலை வேணுமா, வேணாமா?”

வைத்ததும் மறுபடி அடித்தது. அவள் காதுக்கும் தோளுக்கும் நடுவே ரிசீவரை இடுக்கிக்கொண்டு, மீன் சுற்றும் காகிதத்தில் எழுத ஆரம்பித்தாள். இரண்டாம் மாடி ஜன்னலில் ரோஸி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். ஜான் அவள் பார்வைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான்.

“சார், லைன்ல இருக்கீங்களா?” என்றாள் புஷ்ரா.

“இருக்கேன் மேடம்.”

“ஏதாவது தெரிஞ்சுதா சார்? என்ன பிரச்சனைன்னு நான் இங்க எழுதணும்.”

ஜான் கம்பத்தின் மறைவுக்குப் போய், கையால் வாயை மூடிக்கொண்டு, சின்னக் குரலில் சொன்னான். “தானாவே சரியாயிடுச்சு மேடம்.”

அந்தப் பக்கம் ஒரு விநாடி அமைதி. அந்த ஒரு விநாடியில் அவள் எப்படிச் சிரிக்காமல் இருப்பாள், இவனுக்குக் கேட்காமலிருக்க எந்தப் பட்டனை அழுத்திப் பக்கத்துச் சீட்டுக்காரியிடம் என்ன சொல்லுவாள் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும்.

“ரொம்ப சந்தோஷம் சார். வேற ஏதாவது உதவி வேணுமா?”

“இல்ல மேடம். தேங்க்ஸ்.”

இந்த அழைப்புக்கு ஒன்று முதல் ஐந்துவரை மதிப்பெண் கொடுக்கும்படி பதிவு செய்த குரல் சொல்லத் தொடங்கியது. ஜான் அதை முழுக்கக் கேட்டான். முடிந்ததும் ஐந்தை அழுத்தினான்.