மூன்று மாதத்துக்கு முன்னால்

கேக் கடையில் பெட்டி கட்டுகிறவளுக்கு முடி கொட்டுகிறது என்ற சேதி, முடியைவிட வேகமாகக் குடியிருப்பு முழுக்கப் போய்ச் சேர்ந்தது. உபயம், எதிர்வீட்டு ரேடியோ. அந்த அம்மாளுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் இப்போது யாருக்கும் ஞாபகமில்லை.

சேதி போன கையோடு காரணங்கள் வந்தன. கீழ்வீட்டுக்காரி தொட்டித் தண்ணீர் உப்பு என்றாள். இப்படி இழுத்துக் கொண்டை போட்டால் எந்த முடி நிற்கும் என்று தையல்காரி கேட்டாள். தைராய்டு, ரத்தத்தில் இரும்பு போதாதது, நாற்பத்தைந்து வயது, அம்மா வழி வந்த சொத்து என்று ஆளுக்கொன்று. தலையில் பேருக்குக்கூட ஒரு முடி இல்லாத மூன்றாவது மாடி கண்டக்டரும் ஓர் எண்ணெயைச் சிபாரிசு செய்தார். அதை அவர் எங்கே தடவினார் என்று மரியாதைக்காக யாரும் கேட்கவில்லை.

அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஆட்டும்போதே இரண்டு விழுந்தன. சாயங்காலம் வேலை முடிந்து வலைத்தொப்பியைக் கழற்றினால் உள்ளே ஒரு கைப்பிடி சுருண்டு கிடக்கும். யாரும் பார்க்கும் முன் கேக் காகிதத்தில் மடித்துக் குப்பையில் போட்டுவிடுவாள்.

அதைவிடப் பத்திரமாக அவள் மறைத்துவைத்தது வேறொன்று. மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரே மகன் பையைத் தூக்கிக்கொண்டு போனவன், போனவன்தான். வேலைக்குப் போகாததில் ஆரம்பித்த பேச்சில், செத்துப்போன அப்பனை இழுத்து இவள் ஒரு வார்த்தை விட்டுவிட்டாள். இனிமேல் என்னைத் தேடாதே என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான். அன்றிலிருந்து அவன் போனை எடுக்கவில்லை. எந்த ஊரில் இருக்கிறான் என்றுகூட அவளுக்குத் தெரியாது.

குடியிருப்புக்குத் தெரிந்த கதையே வேறு. பையனுக்கு வெளியூரில் நல்ல வேலை. தினமும் பேசுகிறான். அங்கே ஒரே குளிராம். அந்தக் குளிரை இவளாகச் சேர்த்துக்கொண்டாள். வெறும் பொய்யை எத்தனை நாள் போர்த்தாமல் வைத்திருப்பது?

தோல் டாக்டரிடம் போன அன்று ரேடியோ துணைக்கு வந்தாள். வெளியே உட்காரச் சொன்னது காதில் விழாதது போல உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

டாக்டர் இளம் பெண். ஒரு கற்றையை விரலிடுக்கில் பிடித்து மெல்ல இழுத்தாள். ஏழெட்டு கையோடு வந்தன. ரத்தப் பரிசோதனைத் தாளைப் புரட்டினாள். தைராய்டு சரி, இரும்பும் சரி, வட்டவட்டமாகச் சொட்டையும் இல்லை.

"மூணு நாலு மாசத்துக்கு முன்னாடி ஏதாவது நடந்துச்சாம்மா? கடுமையான காய்ச்சல், ஆபரேஷன், இல்ல மனசு உடையற மாதிரி ஏதாவது? முடி அன்னைக்கே கொட்டாது. ரெண்டு மூணு மாசம் கழிச்சுத்தான் காட்டும்."

அவள் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். ரேடியோ முந்திக்கொண்டாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர், கல்லு மாதிரி இருந்தா. அப்ப நல்லதுதான் நடந்துச்சு. பையன் வேலைக்குன்னு..."

அங்கே பேச்சு நின்றது. மடியில் கிடந்த ரேடியோவின் விரல்கள் மட்டும் ஒன்று, இரண்டு, மூன்று என்று மடங்கின.

"பயப்படாதீங்க," என்றாள் டாக்டர். "காரணம் போயிடுச்சுன்னா ஆறு மாசத்துல திரும்ப வளந்துடும்."

"போகலைன்னா?" என்றாள் வாரைத் திருகிக்கொண்டிருந்தவள்.

டாக்டர் பேனாவை மூடிவிட்டு அவளைப் பார்த்தாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் ரேடியோ வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் நடந்த இவள் ஓரக்கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டு வந்தாள். இந்த வருஷத்தின் பெரிய சேதியைக் கையில் வைத்துக்கொண்டு இந்த அம்மாள் எத்தனை நிமிஷம் தாங்குவாள்? வாசலிலேயே கீழ்வீட்டுக்காரியும் தையல்காரியும் காத்திருந்தார்கள். கண்டக்டரும் தற்செயலாக அங்கே நின்றிருந்தார்.

"தண்ணிதானாம்," என்றாள் ரேடியோ. "தொட்டியக் கழுவி எத்தனை வருஷமாச்சு? டாக்டரே திட்டறாங்க."

கீழ்வீட்டுக்காரி, நான் அன்றைக்கே சொல்லவில்லையா என்று எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை தொட்டியைக் கழுவினார்கள். நாலு வாளிச் சேறும் ஒற்றைச் செருப்பும் வந்தன. செருப்பு யாருடையது என்பதில் ஒரு வாரம் ஓடியது.

தொட்டி கழுவிய அன்று சாயங்காலம், எல்லாரும் கூடியிருக்கும்போது, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ரேடியோ அவளிடம் கேட்டாள்:

"நேத்தும் பையன் பேசினான்ல? இன்னும் குளிரா இருக்காமா?"

அவள் ரேடியோவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆமாக்கா. கொஞ்சம் குறைஞ்சிருக்காம்."

"குறையும்," என்றாள் ரேடியோ. இவள் தோளில் கிடந்த நீளமான முடி ஒன்றை யாரும் பார்க்காமல் எடுத்துத் தன் உள்ளங்கைக்குள் சுருட்டிக்கொண்டாள்.